பதினைந்து பாட்டு போதும்

ராக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் நண்பர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது ஒரே ஓர் ஆல்பத்தைத்தான். 'கொலோசல் யூத்'. 1980-ல் வெளிவந்தது. வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் 1978-ல் சேர்ந்து, மூன்று வருஷம் தாக்குப்பிடிக்காமல் கலைந்துபோன 'யங் மார்பிள் ஜயன்ட்ஸ்' என்ற குழுவினுடையது. முழு ஆல்பம் என்று அவர்கள் போட்டது இந்த ஒன்றுதான். பதினைந்து பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இத்தனை வருஷத்தில் இது எனக்கு ஒரு நாளும் பழசாகத் தெரிந்ததில்லை.

குழுவில் மூன்றே பேர். ஸ்டூவர்ட் மாக்ஸம் கிடாரும் ஆர்கனும் வாசித்தார்; பெரும்பாலான பாட்டுகளை எழுதியவரும் அவரே. சகோதரர் பிலிப் மாக்ஸம் கையில் பேஸ் கிடார். பாடியவர் அலிசன் ஸ்டாட்டன். டிரம்ஸுக்கு ஆள் கிடையாது. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த உறவினர் ஒருவர் தன் கையாலேயே ஒரு டிரம் மெஷின் செய்துகொடுத்தார். அதன் தாளங்களைக் கேசட்டில் பதிந்துவைத்துக்கொண்டு, மேடையில் கேசட்டை ஓடவிட்டு வாசித்தார்கள்.

இது நடந்த காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டன் முழுக்க பங்க் அலை அடித்து ஓய்ந்திருந்த நேரம். ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் வைத்து, தொண்டை கிழியக் கத்துவதுதான் இளைஞர்களின் பாணி. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுகிற குரலில் பாட ஒரு பெண் மேடையேறினார் என்றால், அதற்கு நிறைய நெஞ்சுரம் வேண்டும். கத்தியவர்களைவிட இவர்கள்தான் துணிச்சல்காரர்கள் என்பது என் கட்சி.

1979-ல் கார்டிஃப் குழுக்களின் பாட்டுகளைத் திரட்டி ஒரு தொகுப்பு ஆல்பம் வந்தது. அதில் இருந்த இவர்கள் பாட்டு லண்டனில் 'ராஃப் டிரேட்' காரர்கள் காதில் விழுந்தது. ஜெஃப் டிராவிஸ் 1976-ல் மேற்கு லண்டனில் ஆரம்பித்த ரெக்கார்டு கடை அது. 1978-ல் லேபிளாகவும் வளர்ந்தது. பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல் நடந்த இப்படிப்பட்ட லேபிள்களை வைத்துத்தான் 'இண்டி' என்ற பெயரே நிலைத்தது. செலவு போக மிஞ்சும் லாபத்தைக் குழுவோடு பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வது ராஃப் டிரேட்டின் வழக்கம். பெரிய கம்பெனி ஒன்று இந்த மூவரையும் பிடித்திருந்தால் முதல் வேலையாக ஒரு டிரம்மரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கும். பின்னணியில் நாலு வயலினையும் சேர்த்திருக்கும். ராஃப் டிரேட் அப்படி எதிலும் கை வைக்கவில்லை. வேல்ஸின் உட்பகுதியில், மலையும் ஆட்டு மந்தையுமான ஊர்ப்புறத்தில் இருக்கும் ஃபோயல் ஸ்டூடியோவில் சில நாட்களிலேயே மொத்த ஆல்பத்தையும் பதிவு செய்தார்கள்.

கேட்கும்போது காது கொடுக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. ஸ்டூவர்ட் கிடாரை மீட்டுகிற கையின் விளிம்பைத் தந்திகள் மேல் அழுத்தியே வைத்திருப்பார். அதனால் எந்த நாதமும் நீண்டு ரீங்கரிக்காது. பிறந்த இடத்திலேயே நறுக்கென்று நின்றுவிடும். கிடார் இப்படித் தாள வாத்தியமாகிவிடுவதால் மெட்டைச் சுமக்கிற பொறுப்பு பேஸ் கிடாரிடம் போகிறது. வழக்கமான ராக்கில் பின்னால் முணுமுணுத்துக்கொண்டிருக்கும் பேஸ், இங்கே முன்னால் வந்து பாடுகிறது. டிரம் மெஷினோ அடியில் டிக் டிக் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது. அலிசன் எந்த வரியையும் இழுப்பதில்லை, குழைவதும் இல்லை. பிரிவைப் பாடினாலும் அதே நிதானம். அழுதுகாட்டாமல் பாடுவதால்தான் கேட்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது.

ஆல்பம் வந்த அதே வருஷம் 'ஃபைனல் டே' என்ற பாட்டையும் வெளியிட்டார்கள். அணு ஆயுதப் பயம் பிரிட்டனை ஆட்டிவைத்த வருஷம் அது. குண்டு விழுந்தால் எப்படிப் பிழைப்பது என்று அரசாங்கமே ஒரு கையேடு போட்டு விற்றது. வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து, அதற்கடியில் ஒண்டிக்கொள்ளுங்கள், பதினான்கு நாள் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று அதில் சொல்லியிருந்தது. அந்தக் கடைசி நாளைப் பற்றிய பாட்டுத்தான் இது. இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆரம்பம் முதல் முடிவு வரை மெல்லிய, கூர்மையான ஒற்றைச் சுருதி பின்னால் ஒலித்துக்கொண்டே இருக்கும். வெடிச் சத்தம் இல்லை, கூக்குரல் இல்லை. அணு யுத்தம் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ ஆவேசமான பாட்டுகளைக் கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே என்னைப் பயமுறுத்தியது இந்தச் சின்னப் பாட்டு ஒன்றுதான்.

1980 கடைசியில் அமெரிக்காவுக்குப் போய்க் கச்சேரிகள் செய்தார்கள். அந்தச் சூட்டோடு குழு கலைந்துவிட்டது. 1981-ல் வாத்திய இசை மட்டுமே உள்ள ஒரு சின்ன இசைத்தட்டு வந்தது. அதோடு சரி. ஸ்டூவர்ட் 'தி ஜிஸ்ட்' என்ற பெயரில் சில காலம் இசையமைத்தார். பிறகு அனிமேஷன் படங்களுக்கு வண்ணம் தீட்டும் வேலைக்குப் போனார். 'ஹூ ஃபிரேம்ட் ரோஜர் ராபிட்' அவர் கைபட்ட படங்களில் ஒன்று. அலிசன் 'வீக்எண்ட்' என்ற குழுவில் பாடி, 1982-ல் ஓர் ஆல்பம் கொண்டுவந்தார்.

ஆனால் அந்த ஒற்றை ஆல்பம் தானாகவே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது. 'நிர்வாணா' குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஆல்பங்கள் என்று எழுதிவைத்த பட்டியலில் அது இருக்கிறது. கர்ட்னி லவ்வின் 'ஹோல்' குழு 1994-ல் அதிலிருந்து ஒரு பாட்டை எடுத்துத் தங்கள் பாணியில், பெருஞ்சத்தத்தோடு பாடியது. போர்ச்சுகல் இயக்குநர் பெட்ரோ கோஸ்டாவின் 2006-ம் வருஷப் படம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'கொலோசல் யூத்' என்ற பெயரையே வைத்தார்கள். பிற்காலத்தில் மூவரும் மறுபடி சேர்ந்து அவ்வப்போது மேடையேறினார்கள். 2015-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் வாசித்தபோது கேட்க வந்தவர்களில் பலர் ஆல்பம் வந்த காலத்தில் பிறந்தே இராதவர்கள்.

இன்னும் நாலைந்து ஆல்பம் போட்டிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனாலும் இவர்களுடையதை அரைகுறை வாழ்க்கை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். எதைச் சேர்க்கலாம் என்று தேடாமல், எது இல்லாமலும் பாட்டு நிற்கும் என்று பார்த்துப் பார்த்துக் கழித்தவர்கள் இவர்கள். கழித்த பிறகு மிஞ்சிய பதினைந்திலும் விலக்க வேண்டியது ஒன்றில்லை. முப்பது வருஷம் மேடையில் நின்ற எத்தனை குழுக்களைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

இன்று ஒரு லேப்டாப் இருந்தால் நூறு வாத்தியங்களை வீட்டிலேயே அடுக்கிவிடலாம். இசையமைக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. நூற்றோராவது வாத்தியத்தைச் சேர்ப்பதற்கு முன்னால் இந்த ஆல்பத்தை ஒருமுறை, வரிசை மாற்றாமல், இடையில் போனை எடுக்காமல் கேளுங்கள். பிறகு உங்கள் பாட்டைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பாருங்கள். எடுத்த பிறகும் பாட்டு நின்றால், எடுத்ததைத் திரும்ப வைக்காதீர்கள்.