அறுபத்து நாலு கட்டத்தில் அழுகுணி ஆட்டம்

செஸ்ஸில் ஏமாற்ற முடியும் என்று போன தலைமுறையிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். சீட்டாட்டம் என்றால் சட்டைக் கைக்குள் ஒரு ஆஸ் ஒளித்து வைக்கலாம். கேரம் என்றால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே காயை நகர்த்தலாம். செஸ்ஸில் 32 காய்களும் போர்டு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. எதை ஒளிப்பதாம்?

மூளையை ஒளிக்கலாம் ஸார். அதாவது, இரவல் வாங்கிய மூளையை!

1997 மே மாதம் நியூயார்க்கில் காஸ்பரோவை ஐ.பி.எம்.மின் ‘டீப் புளூ’ கம்ப்யூட்டர் தோற்கடித்தது. அதற்கு அலமாரி சைஸில் மெஷின் தேவைப்பட்டது. இன்றைக்கு உலக சாம்பியனையே ஓட ஓட விரட்டும் செஸ் புரோகிராம் இலவசமாக, நம் சட்டைப் பையில், பஸ் டிக்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு ஸ்கிரீனில் ஆட்டம், இன்னொரு ஸ்கிரீனில் பிட். தீர்ந்தது வேலை.

பணத்துக்காகச் செய்தால் புரிகிறது. 2006 டிசம்பரில் டெல்லிப் போட்டி ஒன்றில், ஒருவர் தொப்பிக்குள் புளூடூத் தைத்து வந்து மாட்டினார். அகில இந்திய செஸ் கூட்டமைப்பு பத்து வருஷம் தடை போட்டது. ஆனால் பைசா பெறாத ஆட்டத்தில், முகம் தெரியாத யாரோ ஒருவரை எதற்காக ஏமாற்ற வேண்டும்?

நம்ம ஊர் விஸ்வநாதன் ஆனந்துக்கே இது நடந்தது. 2021 ஜூன் 13. கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்ட, ஆமிர்கான் உள்ளிட்ட பிரபலங்களுடன் ஆன்லைனில் ஆடினார். தர்ம காரியம். அதில் ‘ஜெரோதா’ பங்குத் தரகு கம்பெனியின் நிகில் காமத் ஆனந்தை ஜெயித்துவிட்டார்! ஊரே வாயைப் பிளந்தது. செஸ் டாட் காம் அவர் கணக்கை மூடியது. மறுநாள் காமத்தே ஒப்புக்கொண்டார். ஆட்டத்தை அலசிச் சொன்ன ஆட்களும் கம்ப்யூட்டரும் உதவியதாகச் சொல்லி மன்னிப்பும் கேட்டார். தான் நிஜமாக ஜெயித்ததாக நினைப்பது, உசேன் போல்ட்டை 100 மீட்டர் ஓட்டத்தில் ஜெயித்ததாக நம்புவது மாதிரி என்றார். போர்டில் இருந்ததைப் பார்த்துத்தான் தான் ஆடியதாகவும், மற்றவர்களிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சொன்னதோடு சரி. பிறகு கணக்கும் திரும்பக் கிடைத்தது.

பணமும் புகழும் உள்ளவருக்கே சபலம் என்றால், மாதக் கடைசியில் ஜி.பி.எஃப். லோனுக்கு அப்ளிகேஷன் எழுதும் நம்மைப் பற்றி என்ன சொல்ல?

பி.காம். படித்தவன் என்பதால் இதைக் கணக்காகவே பார்க்கிறேன். செஸ் ரேட்டிங்கை வகுத்தவர் அர்பாத் ஈலோ என்ற இயற்பியல் பேராசிரியர். உலக செஸ் கூட்டமைப்பு 1970-ல் அதை ஏற்றது. இருவருக்கும் 200 பாயிண்ட் வித்தியாசம் இருந்தால், பலசாலி 100 ஆட்டத்தில் சுமார் 76 பாயிண்ட் எடுப்பார் என்பது கணக்கு. ஆன்லைனில் என்ன செய்கிறார்கள்? உங்கள் ரேட்டிங்குக்குச் சமமான ஆளாகப் பார்த்துக் கோத்துவிடுகிறார்கள். ஜெயித்தால் இன்னும் கெட்டிக்காரன் வருவான். ஆக, எவ்வளவு முன்னேறினாலும் ஏறக்குறைய பாதி ஆட்டம் தோற்றே ஆக வேண்டும்! பகலெல்லாம் மேனேஜரிடம் தோற்றுவிட்டு, ராத்திரி இங்கேயும் பாதி தோல்வியா என்று கடுப்பாகிறது. ‘ஒரே ஒரு மூவ் பார்த்துக்கறேன், எல்லாரும்தானே பண்றான்’ என்று கை தானாக இன்னொரு ஸ்கிரீனுக்குப் போகிறது.

அது கந்துவட்டி. திருடி 200 பாயிண்ட் ஏறினால், அடுத்து வருபவன் நிஜமாகவே 200 பாயிண்ட் பெரியவன். அவனைச் சமாளிக்க மறுபடி திருட வேண்டும். அசல் அடையவே அடையாது.

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் நண்பர் இந்த வட்டியைக் கட்டினார். பன்னிரண்டு வயசுப் பையன் 1,000 ரேட்டிங்கிலேயே நிற்கிறானே என்று, அவன் தூங்கினதும் அவன் ஐ.டி.யிலேயே போன் துணையோடு ஆடி 1,500-க்கு ஏற்றிவிட்டார். அப்பா பெரிய கில்லாடி என்று பையன் ஸ்கூல் பூரா தம்பட்டம். ஒரு நாள் ஐ.டி.யை மூடிவிட்டார்கள். நண்பர் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. பையன் அழவில்லையாம். ‘நீங்க ஆடினது போவட்டும்ப்பா. அந்த ஆயிரம் நான் ஆடினதாச்சே!’ என்றானாம். இதைச் சொல்லும்போது நண்பர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எங்கள் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தழும்பு நிறைந்த தோலை மேலே தேய்த்து, பெயிண்ட் பூசி, மெஷினில் அழுத்தி புது வரி பதிப்பார்கள். அப்படிச் சொல்லியே விற்றால் அது நியாயமான சரக்கு. அசல் என்று விற்றால்தான் மோசடி. தரம் பிரிப்பவர் அதை எப்படிப் பிடிப்பார்? உயிரோடு திரிந்த மாட்டின் தோலில் உண்ணி கடித்த புள்ளி இருக்கும், முள் கிழித்த கோடு இருக்கும், கழுத்தில் சுருக்கம் இருக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தால், அது மெஷின் வேலை.

செஸ்ஸிலும் அதேதான். மனுஷன் சுலபமான மூவை அரை செகண்டில் போடுவான், கஷ்டமானதுக்கு இரண்டு நிமிஷம் நகம் கடிப்பான், நடுவில் யானையைத் தானம் கொடுப்பான். பிட் அடிப்பவன் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எட்டு செகண்ட் எடுத்து, கம்ப்யூட்டர் சொல்லும் மூவையே வரிசையாகப் போடுவான். தழும்பே இல்லாத ஆட்டம்தான் காட்டிக் கொடுக்கிறது!

2024-ல் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார் நம்ம குகேஷ். அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றவர் அவர். அந்தத் தோல்வி இன்றைக்கும் ரெக்கார்டில் அப்படியே இருக்கிறது. யாரும் தேய்த்து பெயிண்ட் அடிக்கவில்லை.

நண்பரின் பையன் புது ஐ.டி.யில் ஆடுகிறான். போன வாரம் 870. பாஸ்வேர்டை மட்டும் அப்பாவிடம் சொல்வதில்லை!