இராஜபாளையத்து நூலும் ஆகாய அலையும்

சுதேசியம் என்னும் வார்த்தை மறுபடியும் எல்லோர் வாயிலும் அடிபடுகிறது. 2025-ஆம் வருஷம் செப்டம்பர் 27-ஆம் தேதியன்று ஒடிசாவிலுள்ள ஜார்ஸுகுடாவில் பிரதம மந்திரி, பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் சுதேசி நான்காம் தலைமுறைக் கம்பியில்லாச் சேவையைத் தொடங்கிவைத்தார். ஸி-டாட், தேஜஸ், டாட்டா கன்ஸல்டன்ஸி என்னும் மூன்று இந்திய ஸ்தாபனங்கள் கூடி அமைத்த ஏற்பாடு அது. தேசாபிமானமுள்ள எவரும் அதற்காகப் பெருமைப்படாமல் இருக்க முடியாது. நாமும் பெருமைப்படுகிறோம். ஆயினும் பெருமைப்பட்ட மறுநாள் காலையில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பெட்டியின் மேல் ஒட்டிய பெயர் நம்முடையது. பெட்டிக்குள் இருப்பவற்றில் நம்முடையவை எத்தனை?

1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வக்கீல் சிதம்பரம் பிள்ளை, காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை ஐரோப்பாவிலிருந்துதான் வாங்கிவர நேர்ந்தது. கம்பெனி நம்முடையது, மூலதனம் நம்முடையது, கப்பலைக் கட்டிய பட்டறை மட்டும் நம்முடையதன்று. அன்று அவருக்கு வேறு வழி இல்லை. இன்று நமக்கு வழி இருக்கிறது என்பதும், அந்த வழிகளில் ஒன்று விருதுநகர் ஜில்லாவின் மேற்கு மூலையில், மலையடிவாரத்தில் இருக்கிறது என்பதுமே இன்று நாம் எழுத எடுத்துக்கொண்ட விஷயம்.

ரேடியோப் பெட்டிகளின் காலத்தில் கூரைமேல் கட்டிய கம்பியை ஜனங்கள் 'ஏரியல்' என்றார்கள். இப்பொழுது ஆண்டெனா என்கிறார்கள். கம்பி மறைந்துவிட்டது, ஏரியல் மறையவில்லை. அது சுருங்கிக் கைப்பேசியின் விளிம்புக்குள் புகுந்திருக்கிறது. அங்கே ஒன்று மட்டும் இல்லை. நாலும் ஐந்தும் அதற்கு மேலும் இருக்கின்றன. ஏன் இத்தனை என்று கேட்பவர்கள், பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஒரு தமிழரின் சரித்திரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில் சேர்ந்து, நீர்மூழ்கிகளை ஒலியால் கண்டுபிடிக்கும் 'அப்ஸோ' என்னும் சோனார் கருவியை நமது கப்பல்களுக்காக ஆக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர். 1991-இல் கடற்படையை விட்டு அமெரிக்காவிலுள்ள ஸ்டான்போர்டு சர்வகலாசாலைக்குச் சென்றார். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆண்டெனாக்கள் வெவ்வேறு செய்தியை அனுப்பலாம். எதிர்ப்புறத்தில் பல ஆண்டெனாக்கள் அவற்றைப் பிரித்து எடுக்கலாம் என்ற தத்துவத்தை 1992-இல் அவரும் தாமஸ் கைலாத்தும் பேடண்டுக்காகப் பதிவு செய்தார்கள். 1994-இல் பேடண்ட் கிடைத்தது. 'மைமோ' என்று இன்று உலகம் அழைப்பது அதுவே. 2009-இல் வந்த வைஃபை விதியும், அதன்பின் நான்காம், ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகளும் அதன்மேல் நிற்கின்றன. 2014-இல் பால்ராஜுக்கு மார்க்கோனிப் பரிசு அளிக்கப்பட்டது. மகிழ்ச்சி. ஆனால் பேடண்ட் யார் பேரில் இருந்தது? ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் தர்மகர்த்தர்கள் பேரில்.

இந்தத் தத்துவம் பலிக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. அதை விளக்க நமது கோர்ட்டு வழக்கமே போதும். ஒரு சாக்ஷி கூண்டில் ஏறிச் சொல்லும்போது, அடுத்த சாக்ஷியை வெளியே நிறுத்துகிறோம். ஏன்? முதல்வன் சொன்னதைக் கேட்டுவிட்டு இரண்டாமவன் சொன்னால், அவை இரண்டு சாக்ஷியம் ஆகா. ஒரே சாக்ஷியம் இருமுறை சொல்லப்பட்டதாகும். ஆண்டெனாக்களின் கதையும் அதுதான். ஒன்று கேட்பதை மற்றொன்றும் ஒட்டுக்கேட்டால், நாலு ஆண்டெனா இருந்தும் பயன் ஒன்றுக்குத்தான். மேலும், ஆகாயத்துக்குப் போகவேண்டிய சக்தியில் ஒரு பங்கு பக்கத்து ஆண்டெனாவுக்குள் புகுந்து வீணாகிறது. இந்த ஒட்டுக்கேட்பைத் தடுக்கும் அளவைத்தான் எஞ்சினீயர்கள் 'ஐஸொலேஷன்' என்கிறார்கள்; நாம் தனிமை என்று வைத்துக்கொள்வோம். 20 டெஸிபெல் தனிமை என்றால் நூற்றில் ஒரு பங்கே கசிகிறது. 30 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

சாக்ஷிகளைத் தூர நிறுத்துவதுதான் எளிய வழி. அலைநீளத்தில் பாதி தூரமாவது இருக்கவேண்டும் என்பது பழைய கணக்கு. ஐந்தாம் தலைமுறைக்கு நம் நாட்டில் வழங்கும் 3.5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் அலைநீளம் ஏறக்குறைய 8.6 சென்டிமீட்டர், பாதி 4.3. நாலு ஆண்டெனாக்களை அப்படி வரிசையாக வைத்தால் 13 சென்டிமீட்டர் ஆகிவிடும். கைப்பேசியின் நீளமே 15 தானே! மின்கலத்தையும் காமிராவையும் எங்கே வைப்பது? ஆகவே நெருக்கி வைத்தும் தனிமை காக்கும் உபாயங்கள் தேவைப்படுகின்றன. ஒன்றை நெடுக்காகவும் மற்றதைக் குறுக்காகவும் நிறுத்துவார்கள். அடித்தகட்டில் பிளவு வெட்டி, கசியும் மின்னோட்டத்தின் பாதையை மறிப்பார்கள். கசிந்த அலைக்கு நேர் எதிரான ஒரு சிறு அலையை மெல்லிய கோடு ஒன்றின் வழியாக அனுப்பி, வரவைச் செலவால் கழிப்பதுபோல் கழித்துவிடுவார்கள். காளான் வடிவத்தில் சிறு சிறு உலோகத் துண்டுகளை இடையே நட்டு, அந்த அலை மட்டும் கடக்க முடியாத வேலி போடுவார்கள். எதைச் செய்தாலும் ஒரு விலை உண்டு. ஆண்டெனாவைச் சுருக்கச் சுருக்க அது கையாளும் அலைவரிசையின் அகலமும் குறையும் என்று 1948-இல் சூ என்ற விஞ்ஞானி கணக்கிட்டுக் காட்டினார். இயற்கை செய்த சட்டம் அது. அதற்கு அப்பீல் கிடையாது.

இனி ஜில்லாவுக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தாலூகா கிருஷ்ணன்கோவிலில், சுதந்திரப் போராட்ட வீரர் தி. கலசலிங்கம் 1984-இல் தொடங்கிய பொறியியற் கல்லூரி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. இராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013-இல் ஏற்பட்டது. இவ்விரு ஸ்தாபனங்களின் பெயரைத் தாங்கி, ஆண்டெனாக்களைப் பற்றிய கட்டுரைகள் அயல்நாட்டுச் சஞ்சிகைகளில் வெளிவருகின்றன. பால்கோவாவுக்கு மட்டுமே ஸ்ரீவில்லிபுத்தூரை அறிந்த பட்டணத்துக் கனவான்கள் இதைக் கவனிப்பார்களாக. இத்துறை சிற்றூர்க் கல்லூரிக்கு ஏற்ற துறை என்பதும் உண்மை. சில்லுத் தொழிற்சாலை கட்டக் கோடி கோடியாகப் பணம் வேண்டும். ஆண்டெனாவுக்கு வேண்டியது 1.6 மில்லிமீட்டர் கனமுள்ள கண்ணாடி நார்ப் பலகை, அதன்மேல் ஒட்டிய செப்புத் தகடு, வேண்டாத செம்பை அரித்தெடுக்கும் திராவகம், அவற்றோடு மூளை. பலகை மலிவு, மூளை இங்கே விளைகிறது.

ஆயினும் உள்ளதை மறைத்துப் பேசுவது பத்திரிகை தர்மம் அன்று. நமது தேசத்தில் பொதுவாக இவ்வாராய்ச்சி கட்டுரையோடு பிறந்து கட்டுரையோடு முடிகிறது. பிளவை ஒருவர் வட்டமாக வெட்டினால், அடுத்தவர் அதையே நக்ஷத்திர வடிவில் வெட்டி, இரண்டு டெஸிபெல் அதிகம் கிடைத்ததென்று எழுதுகிறார். அளவெடுக்கும்போது பலகை மட்டும் தனியே நிற்கிறது. அதைச் சுற்றி மின்கலம் இல்லை, உறை இல்லை, பிடித்திருக்கும் மனிதனின் கை இல்லை. இவை வந்து சேர்ந்தால் காகிதத்தில் இருந்த தனிமை எங்கே போகிறதென்று யாரும் கேட்பதில்லை. ஆசிரியர்களைக் குறைசொல்வது நமது நோக்கமன்று. கட்டுரைகளை எண்ணிப் பதவி உயர்வு கொடுக்கும் ஏற்பாட்டில், கட்டுரை விளையாமல் வேறென்ன விளையும்? களத்தில் நெல்லை அளக்காமல் வைக்கோற் கட்டுகளை எண்ணிக் கூலி கொடுத்தால் குடியானவன் எதை வளர்ப்பான்?

இதனால் வரும் நஷ்டம் மானத்தைப் பற்றியது மட்டுமன்று, பணத்தைப் பற்றியதுமாகும். பால்ராஜின் அந்த முதற் பேடண்டின் காலம் தீர்ந்துவிட்டது. அத்தத்துவத்தை இன்று யாரும் தடையின்றிக் கையாளலாம். ஆனால் அதன்மேல் கட்டிய மாளிகையின் ஒவ்வொரு கதவுக்கும் வேறொருவர் பூட்டுப் போட்டிருக்கிறார். 2013-இல் ஸ்வீடன் தேசத்து எரிக்ஸன் கம்பெனி, மைக்ரோமாக்ஸ் என்னும் இந்தியக் கைப்பேசிக் கம்பெனியின்மேல் டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. கைப்பேசியின் விற்பனை விலையில் ஒரு பங்கைக் கட்டும்படி இடைக்கால உத்தரவு பிறந்தது. சட்டப்படி அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பூட்டு யாருடையதோ அவருக்குத்தான் சாவிக்கூலி. கட்டுரை எழுதிவிட்டுப் பேடண்ட் எடுக்காதவன், தன் நிலத்தைத் தானே புறம்போக்காக எழுதிவைத்தவனாகிறான்.

செய்யவேண்டியது என்ன? கைப்பேசியின் விளிம்புக்குள் எல்லோருடனும் போட்டியிடுமாறு நாம் சொல்ல வரவில்லை. அந்தச் சந்தையில் முந்தியவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். இராஜபாளையத்துக்கென்றே ஒரு காரியம் இருக்கிறது. 1936-இல் பி.ஏ.ஸி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய ஊர் அது. பக்கத்துச் சத்திரப்பட்டியில் வைத்தியசாலைகளுக்கான கட்டுத்துணி நெய்கிறார்கள். உலக ஆராய்ச்சிச் சாலைகளில் இப்பொழுது துணியிலேயே ஆண்டெனாவைத் தைக்கும் முயற்சி நடக்கிறது. மின்சாரம் பாயும் இழையைத் துணியில் வைத்து, நோயாளியின் நாடித்துடிப்பையும் உடற்சூட்டையும் கம்பியில்லாமல் டாக்டருக்கு அனுப்புவது அதன் நோக்கம். அங்கேயும் இதே தனிமைப் பிரச்சினைதான். அதோடு, அலையை விழுங்கிவிடும் மனித உடலிடமிருந்தும் ஆண்டெனாவைப் பிரித்துவைக்க வேண்டும்.

பருத்தித் துணியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஆண்டெனாத் தகடு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வரும். கண்ணாடி நார்ப் பலகையில் 3 போதும். துணியில் பெரிதானால் என்ன? முதுகில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பெரிய தொல்லை ஈரம். தண்ணீர் அலையின் வேகத்தை வெகுவாகக் குறைப்பதால், வேர்வை பட்ட துணியில் ஆண்டெனாவின் சுருதி இறங்கிவிடும். பருத்தி எந்தக் காற்றில் எவ்வளவு ஈரம் குடிக்கும் என்ற கேள்விக்கு உலகத்தில் யாரிடம் விடை இருக்கிறது? நூற்பாலைக்காரர்களிடந்தான்! நூறு பங்கு உலர்ந்த பருத்திக்கு எட்டரைப் பங்கு ஈரம் என்று வைத்துத்தான் அவர்கள் எடைக்கணக்கே பார்க்கிறார்கள். கிருஷ்ணன்கோவிலில் ஆண்டெனாக் கணக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இராஜபாளையத்தில் பருத்தியின் குணம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். நடுவே ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் நிற்கிறது. இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இல்லாத இந்தத் தூரம் சஞ்சிகை வழியாக அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரவேண்டிய அவசியம் என்ன?

ஆலை அதிபர்களுக்கு இது புதிய வழியும் அன்று. 1956-இல் தென்னிந்திய ஆலைகள் கூடிக் கோயமுத்தூரில் 'ஸிட்ரா' என்னும் ஆராய்ச்சி நிலையத்தை ஏற்படுத்தின. தனி ஆலையால் வாங்க இயலாத பரீக்ஷைக் கருவிகளைப் பொதுவில் வைத்து, நூலின் பலத்தையும் சீரையும் அங்கே சோதித்தார்கள். அதே முறையில் ஆண்டெனாவுக்கும் ஒரு பரீக்ஷைச் சாலை இந்த ஜில்லாவில் வேண்டும். சுவரிலும் கூரையிலும் கரிகலந்த பஞ்சுக் கூம்புகள் பதித்து, எதிரொலியே இல்லாமல் செய்த அறை. அதில் பலகையை மட்டும் வைத்துப் பார்த்தால் போதாது, மனிதனையும் நிறுத்திச் சோதிக்கவேண்டும். சென்னைத் தரமணியில் ஸமீர் நிலையம் இருக்கிறது. மதுரைத் தியாகராசர் பொறியியற் கல்லூரியில் கம்பியில்லாத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு மையம் அமைக்கப்பட்டது. அவற்றின் அநுபவம் துணைக்கு உண்டு. ஆனால் நாம் கேட்பது பட்டதாரிகளுக்கு மட்டும் திறக்கும் கதவை அல்ல. பருத்தி வண்டிக்காரன் எடைமேடையில் ஏறிக் காசு கொடுத்துச் சீட்டு வாங்குவதுபோல், சிறு பட்டறைக்காரனும் உள்ளே வந்து அளந்து சீட்டு வாங்கிப் போகவேண்டும்.

மத்திய சர்க்கார் 2023-இல் சட்டம் செய்து ஆராய்ச்சிக்கென ஒரு தேசிய ஸ்தாபனத்தை ஏற்படுத்தியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. தலைமையில் 220 கோடி ரூபாய்ச் செலவில் எட்டு ஸ்தாபனங்கள் சேர்ந்து அமைத்த ஐந்தாம் தலைமுறைப் பரீக்ஷைத்தளம் 2022 மே மாதத்தில் திறக்கப்பட்டது. அதில் மிகச் சிறியதொரு பங்கு இந்த மலையடிவாரத்துக்குப் போதும். ராஜ்ய சர்க்கார் நிலம் கொடுக்கட்டும். கல்லூரிகள், கட்டுரையோடு கைக்கு வந்த கருவியையும் பேடண்டையும் பதவி உயர்வுக் கணக்கில் சேர்க்கட்டும். இவையெல்லாம் நடக்க வருஷங்கள் ஆகலாம். ஆலை அதிபர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பருத்தி விலையைப் பற்றி ஆலோசிக்க அடுத்த முறை இராஜபாளையத்தில் கூடும்போது அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கி, கிருஷ்ணன்கோவிலுக்கு ஒரு மோட்டாரை அனுப்பட்டும். ஆசிரியர்கள் தங்கள் செப்புத் தகடுகளை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்துவிடலாம்.