படைக்கலம் இறக்கிய பெண்ணுக்குப் பொறுப்பாளி யார்?

நயினை நாகபூசணி அம்மன் தேரின் வடம்பிடிக்கும் நாம், சக்தியைப் பெண்ணுருவிற் கண்டு வணங்கும் மரபினர். ஆயினும், படையில் நின்ற பெண்ணொருத்தி வீடு திரும்பினால் முகந்திருப்பிக் கொள்கின்றோம். இம்முரண்பாட்டைத் தீவக மக்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மகளிர் படை தமிழருக்குப் புதிதன்று. 1943 இல் சிங்கப்பூர் வந்த சுபாஷ் சந்திர போஸ், இந்தியத் தேசிய இராணுவத்தில் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமை தாங்கினார். அணியில் நின்றோரிற் பெரும்பாலோர் மலாயா இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் புதல்வியர். யாழ்ப்பாணத்திலிருந்து இலிகிதராயும் புகையிரதப் பகுதி உத்தியோகத்தராயும் மலாயா சென்ற நம்மவர் வாழ்ந்த மண்ணில் நிகழ்ந்த வரலாறு இது.

1945 இல் அப்படை கலைந்தது. லட்சுமி அம்மையாருக்கு இந்திய அரசு 1998 இல் பத்மவிபூஷண் விருதளித்தது. ஜானகி தேவர் மலேசிய மேலவையில் அமர்ந்தார். ஆனால், தோட்டத்துக்கே திரும்பிய ஏழைப் பெண்களை அவ்வளவில் நினைத்தவர் யார்? தலைவிக்கு மாலை, தொண்டருக்கு மறதி என்பதே வரலாறு நமக்குக் காட்டும் குறை.

அக்குறை இன்று நம் வாசலில் நிற்கின்றது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபின், அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குட் சென்று மீண்ட ஏறத்தாழ 12,000 பேரிற் பெண்கள் ஈராயிரவருக்கு மேற்பட்டோர். விரும்பிச் சென்றோர் அவருட் பலர். சிறு பருவத்திலேயே பலவந்தமாகக் கொண்டு செல்லப்பட்டோரும் உளர். போரை நாம் போற்றவில்லை. சிறுமியின் கையிலே துவக்கைக் கொடுத்தது பெருந்தவறு. பிறர் செய்த அத்தவற்றின் சுமையை அச்சிறுமியே வாழ்நாளெல்லாம் சுமக்க வேண்டுமென்பது எந்த நீதி?

இலங்கை இராணுவத்தில் 1979 இல் மகளிர் படையணி அமைந்தது. அதிற் சேவை செய்தவருக்குச் சம்பளமும் பதவியும் சட்டப்படி உண்டு. மறுபக்கம் நின்றவளுக்கோ சந்தேகப் பார்வையே மிச்சம். புனர்வாழ்வு முடிந்ததென்று விடுவித்த அரசு, பின்னரும் வீடுதேடி விசாரிப்பது முறையன்று. இழந்த காலுக்குச் செயற்கைக் காலும், உழைக்க ஒரு தொழிலும் அளிப்பதே முறை.

அரசை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட இயலாது. “இயக்கத்தில் இருந்தவள்” என்று சம்பந்தம் பேச மறுப்பவர் கொழும்பில் இல்லை. நம் ஒழுங்கையிலேயே இருக்கின்றார். வேலணை முதல் நெடுந்தீவு வரையுள்ள கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் அப்பெண்களை அங்கத்தவராய் அழைக்கட்டும். நிலமுடையோர் குத்தகைக்குக் காணி கொடுக்கட்டும். கற்றோர் தம் அலுவலகங்களில் இடமளிக்கட்டும்.

அம்மனுக்கு வைக்கும் பொங்கலில் ஒரு பிடி அவளுக்கும் உரியது. அது பிச்சையன்று, உரிமை.