வெயிலை நம்பிப் பணம் போட்டவர்கள்



ஐரோப்பாவில் சூரிய மின்சாரத்தில் கோடிகோடியாகப் பணம் போடும் கம்பெனிகளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். எந்தக் கம்பெனியைப் பிடித்துக்கொண்டு போனாலும் கதை ஸ்பெயினில் கொண்டுபோய் விடுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2007 மே மாதம் ஸ்பெயின் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 100 கிலோவாட்டுக்கு உட்பட்ட சோலார் நிலையம் அமைப்பவர்களுக்கு யூனிட்டுக்கு 44 யூரோ சென்ட் தருவோம், 25 ஆண்டுகள் தருவோம் என்றது அந்த ஆணை. அன்றைய சந்தை விலையைப்போல் அது பல மடங்கு. ‘சூரியன் உங்களுடையதாகலாம்’ என்று அரசின் எரிசக்தி நிறுவனமே விளம்பரம் செய்தது. சம்பளக்காரர்களும் விவசாயிகளும் ஓய்வு பெற்றவர்களும் சேமிப்பை எடுத்தார்கள். போதாததற்கு வங்கியில் கடன் வாங்கினார்கள். ஒரு வயலை நூறு நூறு கிலோவாட்டாகக் கூறுபோட்டு, கூறுக்கு ஓர் இன்வெர்ட்டர், ஒரு மீட்டர், ஒரு முதலீட்டாளர் என்று நம்மூரில் மனை பிரித்து விற்பதுபோல விற்றார்கள். வாங்கியவர்கள் பேராசைக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. அரசிதழில் அச்சான ஒரு வாக்கை நம்பினார்கள், அவ்வளவுதான்.

2010க்குள் 371 மெகாவாட் வந்தால் போதும் என்பதே அரசின் திட்டம். 2008இல் மட்டும் 2,500 மெகாவாட்டுக்கு மேல் வந்து குவிந்தது. அந்த ஆண்டு உலகிலேயே அதிகமாகச் சோலார் நிறுவிய நாடு ஸ்பெயின்தான். அதே ஆண்டில்தான் உலகப் பொருளாதாரமும் சரிந்தது. மின்சாரத்துக்கு ஆகும் செலவுக்கும் மக்களிடம் வசூலாகும் கட்டணத்துக்கும் இடையே விழுந்த பள்ளம் ஆண்டுக்காண்டு ஆழமாகி, 2,500 கோடி யூரோவைத் தாண்டியது. அரசு கையைப் பிசைந்தது. 2010இல் எத்தனை மணி நேர உற்பத்திக்குப் பணம் தருவது என்பதற்கு வரம்பு கட்டியது. 2012இல் புதிய நிலையங்களுக்குச் சலுகையையே நிறுத்தியது. 2013இல் பழைய ஆணையையே தூக்கிப் போட்டுவிட்டு, ‘நியாயமான லாபம்’ எவ்வளவு என்பதை இனி நாங்களே கணக்கிட்டுச் சொல்வோம் என்றது. ஏற்கெனவே கட்டி, ஏற்கெனவே கடன் வாங்கி ஓடிக்கொண்டிருந்த நிலையங்களுக்கும் அதுவே விதி.

அதற்கடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. வெளிநாட்டு முதலீட்டாளர்களைக் காக்க எரிசக்தி சாசன உடன்படிக்கை என்று ஒரு சர்வதேச ஏற்பாடு இருக்கிறது. அதைக் காட்டி, வெளிநாட்டுக் கம்பெனிகளும் நிதியங்களும் ஸ்பெயினைச் சர்வதேச நடுவர் மன்றங்களுக்கு இழுத்தன. வழக்குகள் ஐம்பதை எட்டின; பலவற்றில் ஸ்பெயின் தோற்றது. விதித்த தொகையை வசூலிக்கும் சண்டை இன்னும் பல நாட்டு நீதிமன்றங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பெயினும் அந்த உடன்படிக்கையிலிருந்து விலகிவிட்டது. ஆனால் ஸ்பெயின் குடிமகன் அந்த மன்றத்தின் வாசலைக்கூட மிதிக்க முடியாது, ஏனென்றால் அவன் வெளிநாட்டவன் இல்லை. இப்படி நஷ்டப்பட்ட குடும்பங்கள் அறுபதாயிரத்துக்கும் மேல் என்று அவர்களுடைய சங்கம் சொல்கிறது. ஒரே ஆணையை நம்பி, ஒரே வெயிலில் பணம் போட்டவர்கள். முகவரி வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு முறையிட ஓர் இடம் இருந்தது. சொந்த நாட்டுக்காரர்கள் உள்ளூர் நீதிமன்றங்களில் அலைந்து ஓய்ந்தார்கள்.

அந்த ஆணை மாற்றத்தில் இன்னொன்றும் அடிபட்டது. செவில் நகருக்குக் கிழக்கே ஃபுவெந்தஸ் தெ அந்தாலூசியா என்ற ஊரில் கெமாசோலார் என்று ஒரு நிலையம் இருக்கிறது. 2011இல் ஓடத் தொடங்கியது. நடுவில் 140 மீட்டர் உயரக் கோபுரம்; அதைச் சுற்றி வட்டவட்டமாக 2,650 கண்ணாடிகள். ஒவ்வொரு கண்ணாடியும் சூரியனோடு திரும்பித் திரும்பி வெயிலைக் கோபுரத்தின் உச்சிக்கு அனுப்பும். உச்சியில் ஓடுவது தண்ணீர் இல்லை, உருகிய உப்பு. நம் ஊரில் வெடியுப்பு என்று சொல்லும் பொட்டாசியம் நைட்ரேட்டும் சோடியம் நைட்ரேட்டும் கலந்த கலவை. 565 டிகிரி வரை சூடேறிய அந்த உப்பைப் பெரிய தொட்டியில் நிறைத்து வைத்து, பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சூட்டில் நீராவி எடுத்து டர்பைனைச் சுழற்றுகிறார்கள். 15 மணி நேரத்துக்குத் தாங்கும். நள்ளிரவில் சூரிய மின்சாரம்! 20 மெகாவாட்தான், விலையும் அதிகம்தான். ஆனால் இத்தகைய நிலையங்களை அடுத்தடுத்துக் கட்டியிருந்தால் செலவு இறங்கியிருக்கும் என்றே நம்புகிறேன். 2013க்குப் பிறகு ஸ்பெயினில் வெப்பச் சூரிய மின் நிலையம் புதிதாக ஒன்றுகூட எழவில்லை. கெமாசோலாரில் ஸ்பெயினின் செனெர் கம்பெனியோடு பங்கு போட்ட அபுதாபியின் மஸ்தார், நடுவர் மன்றத்தில் வழக்காடி 2018இல் 6.45 கோடி யூரோ நஷ்ட ஈட்டுக்குத் தீர்ப்பு வாங்கியது.

ஜெர்மனியின் வழி வேறு. அங்கே வெயில் குறைவு. ஆனால் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் யூனிட்டுக்கு 99 ஃபெனிக், 20 ஆண்டுகள் என்று எழுதினார்கள். புதிதாக வருபவர்களுக்கான விலையைத் திரும்பத் திரும்பக் குறைத்தார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களின் விலையில் கை வைக்கவில்லை. அந்தச் சுமையை மக்கள் மின் கட்டணத்தில் சுமந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2017இல் அது யூனிட்டுக்கு ஏறத்தாழ 7 சென்ட்வரை போனது. கியூ-செல்ஸ் போன்ற சொந்த நாட்டு பேனல் கம்பெனிகள் சீனப் போட்டியில் மூழ்கின. இத்தனைக்கும் நடுவில், முதலில் பேனல் போட்டவர்களுக்கு 2020 டிசம்பர் 31 வரை சொன்ன பணம் சொன்னபடி வந்தது. இன்று ஐரோப்பாவிலேயே அதிகமாகச் சோலார் வைத்திருக்கும் நாடு ஜெர்மனி. இதை நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

ஸ்பெயினுக்குப் பணம் திரும்பி வந்தது, ஆனால் வேறு ஆட்களோடு. பேனல் விலை சரிந்துவிட்டதால் அரசு மானியம் இல்லாமலே கட்ட முடியும் என்ற நிலை வந்தது. பில்பாவோவைத் தலைமையிடமாகக் கொண்ட இபெர்துரோலா, எக்ஸ்ட்ரிமதூரா மாநிலத்தில் நூனியெஸ் தெ பல்போவா என்ற 500 மெகாவாட் நிலையத்தை 2020இல் ஓட்டத் தொடங்கியது. 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பேனல்கள், ஏறத்தாழ 30 கோடி யூரோ. ஐரோப்பிய முதலீட்டு வங்கி கடன் கொடுத்தது. 2022இல் அதே மாநிலத்தில் 590 மெகாவாட்டில் பிரான்சிஸ்கோ பிசாரோ நிலையம். இராமநாதபுரத்தில் கமுதி நிலையத்தைப் பார்த்தவர்களுக்கு (அது 648 மெகாவாட்) இதன் பரப்பு கண்ணில் நிற்கும். பிசாரோவின் மின்சாரத்தை நீண்ட கால ஒப்பந்தத்தில் வாங்கியவர்கள் யார் தெரியுமா? தயிர் விற்கும் டனோன், மருந்து விற்கும் பேயர், குளிர்பானம் விற்கும் பெப்ஸிகோ. இப்போது வாக்குக் கொடுப்பது அரசு இல்லை, வாங்கும் கம்பெனி. வக்கீல்கள் வரிவரியாகப் பார்த்த பத்திரம். அதில் குடும்பங்களுக்கு இடமில்லை.

பக்கத்து நாடான போர்ச்சுகலில் 2020 ஆகஸ்டில் நடந்த ஏலத்தில் யூனிட்டுக்கு 1.1 சென்ட் என்று கேட்டு ஒரு கம்பெனி உலக சாதனை படைத்தது. ஸ்பெயின் 2007இல் கொடுத்த 44 சென்ட்டோடு ஒப்பிட்டால் நாற்பதில் ஒரு பங்கு. அந்த விலையில் மின்சாரத்தை மட்டும் விற்று யாரும் பிழைக்க முடியாது. கிரிட்டோடு இணையும் உரிமைக்காகத்தான் அப்படி இறங்கிக் கேட்டார்கள்.

மலிவு மலிவு என்று எல்லோரும் ஒரே நேரத்தில் உற்பத்தி செய்தால் நண்பகலில் வாங்க ஆள் இருக்காது. 2024 ஏப்ரலில் ஸ்பெயினின் மொத்தச் சந்தையில் முதல் முறையாக மின்சார விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. விற்பவன் பணம் கொடுத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் நிலை. 2025 ஏப்ரல் 28 பகல் 12.33க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒன்றாக இருளில் மூழ்கின. அன்றைக்கே பழியைச் சூரியன்மேல் போட்டவர்கள் உண்டு. மின்னழுத்தம் கட்டுக்கு மீறி ஏற, நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து விழுந்தன என்று ஐரோப்பிய நிபுணர் குழு சொன்னது. அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை சோலார் நிலையங்களுக்குக் கொடுக்காத விதி பல ஆண்டுகளாக மாறாமலே கிடந்தது. அந்த மின்தடைக்குப் பிறகுதான் மாற்றினார்கள். பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தர பாட்டரி வேண்டும் என்று இப்போது எல்லாக் கம்பெனிகளும் பேசுகின்றன. கெமாசோலாரின் உப்புத் தொட்டியை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

கடைசியாக நிலம். நூனியெஸ் தெ பல்போவாவுக்காக நிலம் கையகப்படுத்தியதை எதிர்த்து உரிமையாளர் போட்ட வழக்கில், அது செல்லாது என்று எக்ஸ்ட்ரிமதூரா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜெர்மனியில் லைப்ஸிக் பக்கம் விட்ஸ்னிட்ஸில் 600 மெகாவாட் பேனல்களை, பழுப்பு நிலக்கரி தோண்டி முடித்த பூமியில் பரப்பியிருக்கிறார்கள். கேட்பதானால் அப்படிப்பட்ட நிலத்தை முதலில் கேட்கலாமே.

2022இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி வாங்கிய ‘அல்கர்ராஸ்’ படத்தை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். கார்லா சிமோன் எடுத்த கத்தலான் மொழிப் படம். தலைமுறையாகப் பீச் பழத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை, பேனல் போடுவதற்காக வெளியேறச் சொல்கிறார் நிலத்துக்காரர். உள்நாட்டுப் போரில் நிலத்துக்காரர் குடும்பத்தை இவர்கள் காப்பாற்றியதற்காக அந்த நிலத்தை வாய்மொழியாகக் கொடுத்திருந்தார்கள். பத்திரம் இல்லை. நடித்தவர்கள் பெரும்பாலும் அந்த வட்டாரத்து மக்களே. பழம் பறிக்கும் கைகளைப் பார்த்தாலே தெரிகிறது.

உங்கள் ஊர்ப்பக்கம் சோலாருக்கு நிலம் கொடுத்தவர்கள் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். கிரயமா, குத்தகையா, எத்தனை ஆண்டுக்கு, ஏக்கருக்கு என்ன பேசினார்கள், என்ன கையில் வந்தது, அந்தப் பத்திரம் யார் பீரோவில் இருக்கிறது என்று விவரமாக எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம். வருகிற கடிதங்களை அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்