மேற்கோள் எண்ணிக்கையும் செஞ்சி ஆராய்ச்சியும்

செஞ்சிக்கு அண்மையில், சிறுகடம்பூரைச் சார்ந்து, திருநாதர் குன்று என்னும் சிறிய பாறைக் குன்று ஒன்று உளது. அதன்மீதுள்ள பெரும்பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரின் நினைவாகப் பொறித்த சிறு கல்வெட்டு ஒன்றும் அங்கே காணப்படுகின்றது. பழைய தமிழ் எழுத்து வட்டெழுத்தாக மாறிவந்த நிலையை அறிவதற்கு அஃது ஒரு பெருஞ்சான்றாயிருத்தலின், தமிழ் எழுத்தின் வரலாற்றை ஆராய்வோர் அதனைக் கைவிட்டுச் செல்லுதல் அரிது. ஆயின், வெயிலில் அப்பாறைமீது ஏறி, எழுத்துகளைத் துடைத்து, மையொற்றித் தாளிலே படியெடுத்துக் கொணர்ந்தவர் யாவர் என்று கேட்போர் எத்துணைப் பேர்? அத்தகையோர் பெயர் மேற்கோட் பட்டியல்களில் ஏறுவதில்லை.

இதனை ஈண்டு எடுத்துரைக்கக் காரணம் உண்டு. இக்காலத்தில் ஒரு கல்லூரி ஆசிரியரின் ஆராய்ச்சி எத்தகையது என்று அறியப் புகுவோர், அவர் எழுதியதைப் படித்துப் பார்ப்பதற்கு முன்னரே, அதனைப் பிறர் எத்துணை முறை மேற்கோளாகக் காட்டினர் என்று எண்ணிப் பார்க்கின்றனர். எண்ணும் வேலையை ஸ்கோபஸ், வெப் ஆவ் சயன்ஸ், கூகிள் ஸ்காலர் முதலிய கணிப்பொறித் தொகுதிகள் நொடிப்பொழுதில் செய்து கொடுக்கின்றன. எண் பெரிதாயின் ஆராய்ச்சி பெரிது, எண் சிறிதாயின் ஆராய்ச்சியும் சிறிது என்று முடிவு கட்டப்படுகின்றது. நம் நாட்டில் 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசையிலும் கல்லூரிகளின் ஆராய்ச்சி வெளியீட்டுக் கணக்கு ஸ்கோபஸ், வெப் ஆவ் சயன்ஸ் ஆகிய தொகுதிகளைப் பெரிதும் சார்ந்து எடுக்கப்பட்டு வருகின்றது. இம்முறை முற்றும் தீது என்பது நம் கருத்தன்று. பிறந்த இடத்தில் அது நல்லதாகவே பிறந்தது. புகுந்த இடத்திலேதான் பொல்லாங்கு விளைத்தது.

அது பிறந்த வரலாறு நம்மைப் போன்ற கல்லூரியார் அறிந்திருக்கத் தக்கது. 1927-ஆம் ஆண்டில், அமெரிக்காவிலே கலிபோர்னியா மாகாணத்துப் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கிராஸ் என்னும் பெயருடைய இருவர், ஒரு சிறிய கல்லூரியின் நூல்நிலையம் தன் சிறு பொருளைக்கொண்டு எந்த இரசாயனச் சஞ்சிகைகளை வாங்கி வைத்தல் தகும் என்று ஆராயப் புகுந்தனர். அமெரிக்க இரசாயனக் கழகத்துச் சஞ்சிகையின் ஓராண்டுத் தொகுதியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள அடிக்குறிப்புகளில் எந்தெந்தச் சஞ்சிகை எத்துணை முறை சுட்டப்பட்டது என்று எண்ணினர். மிகுதியாகச் சுட்டப்பட்டவற்றை முதலில் வாங்குக என்பது அவர்தம் முடிபு. ஜெர்மன் மொழிச் சஞ்சிகைகள் அப்பட்டியலில் உயர்ந்து நின்றமையின், இரசாயனம் கற்போர் அம்மொழியையும் கற்றல் வேண்டும் என்று அறிவுறுத்தினர். அங்கே எண்ணிக்கை செய்த வேலை அவ்வளவே. அஃது எவருடைய சம்பளத்தையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

நம் நாட்டவராகிய சீர்காழி இராமாமிருத அரங்கநாதனாரையும் இங்கு நினைத்தல் வேண்டும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே கணிதம் பயின்று, கணித ஆசிரியராயிருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையப் பொறுப்பை ஏற்றவர் அவர். 1948-இல் இங்கிலாந்திலுள்ள லெமிங்டன் ஸ்பா என்னும் ஊரிற் கூடிய மாநாட்டில், நூல்நிலையப் பணிக்குக் கணித முறைகளைக் கையாளும் துறை ஒன்று வேண்டும் என்று எடுத்துரைத்து, அதற்கு லைப்ரமெட்ரி என்று பெயரும் இட்டார். நூலை எண்ணுவதும் வாசகரை எண்ணுவதும் அவர் கருத்தில் எதற்காக? படிப்பவர் காலம் வீணாகலாகாது என்பதற்காக. 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று அதுவேயன்றோ?

இன்று வழங்கும் பெருந்தொகுதிகளுக்கு முன்மாதிரியாயிருந்தது வழக்கறிஞர்கள் கையாண்ட பட்டியல் ஒன்று. ஷெப்பர்டு என்பார் 1873-இல் அமெரிக்காவில் தொடங்கிய அப்பட்டியல், ஒரு தீர்ப்பைப் பிற்காலத்து எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று காட்டும். அதனோடு அமையாது, பின்வந்த நீதிபதி அத்தீர்ப்பைப் பின்பற்றினாரா, இவ்வழக்குக்குப் பொருந்தாதென்று வேறுபடுத்தினாரா, தள்ளியே விட்டாரா என்பதையும் குறியெழுத்துகளால் தெரிவிக்கும். தள்ளப்பட்ட தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் சென்றால் என்ன கதி நேரும் என்பதை வழக்கறிஞர் நன்கு அறிவர். யூஜின் கார்பீல்டு என்னும் அமெரிக்கர் இதனைக் கண்டு, விஞ்ஞானத்துக்கும் இத்தகைய பட்டியல் வேண்டுமென்று 1955-இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதினார். 1964 முதல் பிலடெல்பியாவில் அவர் நிறுவிய நிலையத்திலிருந்து விஞ்ஞான மேற்கோட் பட்டியல் முறையாக வெளிவரலாயிற்று. ஒரு கட்டுரையைப் படித்தவர், அதன் கருத்து பின்னர் எவ்வழி வளர்ந்தது என்று தேடிச் செல்வதற்கு அது சிறந்த வழிகாட்டி. ஆயின், வழக்கறிஞர் பட்டியலின் உயிர்நாடியாகிய அக்குறியெழுத்து எண்ணிக்கையிலே ஏறவில்லை. ஏற்றவன் குரலும் மறுத்தவன் குரலும் ஒரே ஒன்றாகக் கூட்டப்பட்டன.

இதன் விபரீதத்தை அறியத் தமிழர் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரைகண்ட சேனாவரையர், இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று சுட்டி இடந்தோறும் மறுத்துச் செல்கின்றார். நச்சினார்க்கினியரோ தமக்கு முன்னோரைச் சில இடங்களில் தழுவியும் சில இடங்களில் விலக்கியும் எழுதுவர். கணிப்பொறி இவற்றை எண்ணுமாயின், தழுவலும் ஒன்று, விலக்கலும் ஒன்று. மிகுதியாக மறுக்கப்பட்டவரே மிகுதியாகப் புகழ்பெற்றவர் என்றாகும். மற்றொரு புறத்தே, அவிநயம், காக்கைபாடினியம் போன்ற இறந்துபட்ட இலக்கண நூல்களை நோக்குக. யாப்பருங்கல விருத்தியுரைகாரர் முதலிய சிலர் மேற்கோளாக எடுத்து வைத்த சூத்திரங்களால் அன்றோ அவற்றின் உருவத்தை நாம் ஒருவாறு அறிகின்றோம்? ஆங்கு ஒரே ஒரு மேற்கோள் ஒரு நூலின் உயிரையே காத்தது. அம்மேற்கோளுக்கும், நண்பர்க்கு உபசாரமாகக் கட்டுரையின் அடியிற் சேர்த்த மேற்கோளுக்கும் எண்ணிக்கையில் வேற்றுமை இல்லை.

நிற்க. செஞ்சிக்கு வருவோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராயிருந்த சி. எஸ். சீனிவாசாசாரியார் செஞ்சியையும் அதன் ஆட்சியாளரையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பெருநூலை அப்பல்கலைக்கழகம் 1943-இல் வெளியிட்டது. கல்வெட்டுகள், ஏசுசபைக் குருமார் கடிதங்கள், ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, மெக்கன்சி தொகுதியைச் சார்ந்த கையெழுத்துப் படிகள், மொகலாய மராட்டியச் செய்திகள் ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து எழுதிய நூல் அது. நாயக்கர் ஆட்சி, 1677-இல் சிவாஜி கோட்டையைக் கைப்பற்றியது, இராஜாராம் உள்ளிருக்க மொகலாயப் படை பல்லாண்டு முற்றுகையிட்டு 1698-இல் புகுந்தது, 1714-இல் தேசிங்கு பொருது மாண்டது, 1750-இல் பிரெஞ்சுக்காரரும் 1761-இல் ஆங்கிலேயரும் கைக்கொண்டது ஆகிய யாவும் அதில் நிரல்பட உரைக்கப்பட்டன. 62 ஆண்டுகள் கழித்து, 2005-இல், ழான் தெலோஷ் என்னும் பிரெஞ்சு அறிஞர் செஞ்சியின் மதில்களையும் வாயில்களையும் நீர்நிலைகளையும் நேரில் ஆராய்ந்து எழுதிய நூல் புதுச்சேரியிலிருந்து வெளிவந்தது. 2025 ஜூலையில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. சீனிவாசாசாரியார் நூலுக்கும் இப்பெருமைக்கும் இடையே 82 ஆண்டுகள் சென்றன.

இனி, சஞ்சிகைகளின் மதிப்பை அளக்கும் ‘இம்பாக்ட் பாக்டர்’ என்னும் கணக்கை நோக்குக. ஒரு சஞ்சிகையில் முந்திய இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகள் இவ்வாண்டு எத்துணை முறை மேற்கோளாயின என்று கண்டு, அதனை அக்கட்டுரைகளின் தொகையால் வகுப்பது அக்கணக்கு. நோய்க்கு மருந்து தேடும் துறைக்கு இரண்டு ஆண்டு பொருந்தலாம். 1943-இல் போர்க்காலத்தில் அச்சான செஞ்சி வரலாற்றுக்கு 1945-இல் கணக்கு முடிப்பதென்றால், நெல் விதைத்த மூன்றாம் நாள் களத்தில் மரக்காலோடு நிற்பதை ஒக்கும். 2005-இல் ஹிர்ஷ் என்னும் பௌதிகப் பேராசிரியர் வகுத்த ‘எச்’ எண் தனி ஆளை அளப்பது. குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற வெளியீடு பத்து இருந்தால் எண் 10. ஒருவர் தம் வாழ்நாளெல்லாம் உழைத்து ஒரே நூல் எழுதினாராயின், அதனை ஆயிரம் பேர் எடுத்தாண்டாலும் அவர் எண் ஒன்றைத் தாண்டாது. அந்நூலையே பத்துச் சிறு கட்டுரைகளாகத் துண்டித்தவன் அவரினும் உயர்ந்து நிற்பான். இக்கணக்கு எதனைச் செய்யத் தூண்டும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெயர்ச் சிக்கலும் உண்டு. செஞ்சி என்று நாம் சொல்லும் ஊரை ஆங்கில நூல்கள் ‘ஜிஞ்ஜீ’ என்றும், ‘ஜிஞ்ஜி’ என்றும், ‘செஞ்சி’ என்றும் பலவாறு எழுதும். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாது. ஆளின் பெயரும் இப்படியே. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதுவது நம் வழக்கம். மேனாட்டு முறைப்படி குடும்பப்பெயரை எதிர்பார்க்கும் தொகுதியில், ஒரே ஆசிரியர் ஓரிடத்தில் தந்தையாகவும் மற்றோரிடத்தில் மகனாகவும் இருவேறு ஆட்களாகி விடுகின்றார். இது நகைப்புக்கிடமானதே, ஆயினும் அவர் பெற்ற மேற்கோள்களும் இரண்டாகப் பிளவுண்டு போதலின், அவருக்கு நகைப்பு வாராது.

எல்லாவற்றினும் பெரிய குறை மொழியைப் பற்றியது. ஸ்கோபஸ் தொகுதியில் ஏற வேண்டின், கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் ஆங்கிலத்தில் இருத்தல் வேண்டும். மேற்கோட் பட்டியல் உரோமன் எழுத்தில் அமைதல் வேண்டும். தமிழ்ச் சஞ்சிகைகள் அங்கே இடம்பெறுதல் மிக அரிது. ஒரு தமிழாசிரியர் தேசிங்கு ராஜன் கதைப்பாடலின் அச்சுப் பிரதிகளையும் வாய்மொழி வடிவங்களையும் ஒத்துநோக்கித் தமிழில் எழுதினால், அதனைப் படித்துப் பயன்பெறத் தக்கவர் தமிழரே. அத்தமிழர் தம் தமிழ்க் கட்டுரையில் அதனை எடுத்தாண்டாலும் அவ்வெண்ணிக்கை எங்கும் பதிவாவதில்லை. ஆகவே அவர் செய்யத் தக்கது யாது? தமக்கு நன்கு வாராத ஆங்கிலத்தில், செஞ்சியைக் கண்டறியாத வாசகர்க்கு எழுதுவதா? அல்லது எழுதாமலே இருந்துவிடுவதா? இவ்விரண்டில் எது நிகழ்ந்தாலும் இழப்பு செஞ்சிக்கும் தமிழுக்குமே.

புகழ்பெற்ற ஆராய்ச்சியும் இவ்வலையிலிருந்து நழுவும் என்பதற்குச் சர் சி. வி. இராமன் சான்று. 1928-இல் அவர் தம் கண்டுபிடிப்பை விரிவாக வெளியிட்டது கல்கத்தாவில் நடைபெற்ற ஓர் இந்தியச் சஞ்சிகையில். இன்று உலகெங்கும் இராமன் விளைவு என்று பெயரால் வழங்கி, அம்மூலக் கட்டுரையைச் சுட்டாமலே எழுதுவோர் பலர்.

நம் நாட்டில் இவ்வெண் வழக்கம் என்ன செய்தது என்பதையும் சிறிது நோக்குவோம். 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியரின் ஆராய்ச்சி வெளியீடுகளுக்கு மதிப்பெண் வகுத்தது. மதிப்பெண் வேண்டினோர்க்கு, பணம் கொடுத்தால் எதனையும் அச்சிடும் சஞ்சிகைகள் காளான்போல் முளைத்தன. 2018-இல் அக்குழு தான் ஒப்பிய பட்டியலிலிருந்தே 4,305 சஞ்சிகைகளை ஒருசேர நீக்க நேர்ந்தது. பின்னர் ‘கேர்’ என்னும் புதுப்பட்டியல் ஏற்பட்டு, அதுவும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. மேற்கோளை மிகுவிக்கும் தந்திரமும் அறியாததன்று. தமிழ்நாட்டுப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில், மாணவர் எழுதிய தேர்வுக் கட்டுரைகள் திருத்தப்பட்டுச் சஞ்சிகைகளுக்குச் சென்றன என்றும், அவற்றில் அக்கல்லூரியார் கட்டுரைகளே மிகுதியாகச் சுட்டப்பட்டன என்றும் 2023-இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகை செய்தி வெளியிட்டது. தேர்வுத் தாளையும் சரக்காக்கிய சாமர்த்தியத்தை என்னென்பது!

எண் இல்லையேல் பாரபட்சம் புகும். வேண்டியவனுக்குப் பதவி, வேண்டாதவனுக்குப் பூச்சியம் என்றாகும் என்று சிலர் கூறுவர். இஃது எளிதில் ஒதுக்கத் தக்க வாதமன்று. சாதியும் உறவும் பரிந்துரையும் பார்த்து ஆசிரியரை அமர்த்திய இடங்களில், எண் ஒரு சிறு காவலாயிருந்தது உண்மையே. எளிய குடியிற் பிறந்து துணையற்று நின்ற ஆராய்ச்சியாளர் சிலர்க்கு அது கைகொடுத்திருத்தலும் கூடும். ஆயின் காவலாளியையே நீதிபதியாக்குதல் தகாது. 2015-இல் வெளியான லைடன் அறிக்கை, எண்ணானது அறிஞர் தீர்ப்புக்குத் துணையாகவே நிற்றல் வேண்டும் என்றும், அவ்வந் நாட்டுக்குரிய ஆராய்ச்சியின் சிறப்பைக் காத்தல் வேண்டும் என்றும் கூறுவது நோக்கத் தக்கது. பாரபட்சத்துக்கு மருந்து, தீர்ப்பின் காரணத்தை எழுத்தில் வெளிப்படையாகத் தருவதே. ஓர் ஆசிரியர் தாமே தேர்ந்து கொடுக்கும் மூன்று எழுத்துகளை, வெளியூர் அறிஞர் இருவர் உண்மையாகவே படித்து, இன்னது புதிது, இன்னது குறை என்று பக்கம் சுட்டி எழுதுவாராயின், அவ்வோலையை எவரும் சரிபார்க்கலாம். படிப்பதற்குக் காலமில்லை என்பாரை நோக்கி, பிறகு தாங்கள் எதற்குத் தேர்வாளர் என்று கேட்டல் குற்றமாகாது.

‘கேர்’ பட்டியல் ஒழிந்தபின், சஞ்சிகையின் தகுதியை ஆராயும் பொறுப்பு கல்லூரிகளுக்கே திரும்பி வந்துள்ளது. இதனைச் சுமையென்று கருதாது, நம்மைப் போன்ற கல்லூரிகள் செய்யத் தக்க வேலை ஒன்று உண்டு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902 முதலும், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ‘தமிழ்ப் பொழில்’ 1925 முதலும் வெளிவந்தவை. அவற்றின் தொகுதிகள் பல நூல்நிலையங்களில் உறங்குகின்றன. முதற்கண் செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை வட்டாரங்களைப் பற்றிய கட்டுரைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதுதல் போதும். பின்வந்தோர் எவர் அதனை எடுத்தாண்டனர் என்பதை அட்டையின் முகப்பிலும், ஏற்றனரா, மறுத்தனரா, வேறுபடுத்தினரா என்பதைப் பழைய வழக்கறிஞர் முறைப்படி ஓரெழுத்தால் விளிம்பிலும் குறித்தல் வேண்டும். கல்வெட்டைப் படியெடுத்தவர் பெயர் கிடைக்குமாயின் அதற்கும் ஓர் அட்டை. கோடை விடுமுறையில் தமிழ் பயிலும் மாணவர் நால்வரும் வரலாறு பயிலும் மாணவர் இருவரும் முன்வருவாராயின், நூல்நிலையத்தார் மேசையும் அட்டையும் தருவர். வேலையைத் தொடங்குமுன், ஊரின் பெயரைச் ‘செஞ்சி’ என்று ஒரே விதமாக எழுதுவதென்று மட்டும் முடிவு செய்துகொள்க.