மகனுக்குச் சாகும்வரை சிறை, பெற்றோருக்குப் பத்தாண்டு: மிச்சிகன் தீர்ப்புகள் எழுப்பும் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரத்துக்கு வடக்கே ஆக்ஸ்ஃபோர்ட் என்றொரு சிற்றூர். 2021 நவம்பர் 30, செவ்வாய்க்கிழமை காலை. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஒரு மாணவன் தன் கணக்குப் பாடத் தாளில் துப்பாக்கியும், குண்டடிபட்ட ஓர் உருவமும் வரைந்து வைத்திருப்பதை ஆசிரியை பார்த்துவிட்டார். எண்ணங்கள் ஓயவில்லை, எனக்கு உதவுங்கள் என்ற பொருளில் சில வரிகளும் அதில் இருந்தன. பெற்றோர் வரவழைக்கப்பட்டார்கள். பள்ளி ஆலோசகரின் அறையில் கால் மணி நேரம்கூடப் பேச்சு நடக்கவில்லை. பையனுக்கு 48 மணி நேரத்துக்குள் மனநல உதவி தேடுங்கள் என்றார் ஆலோசகர். இன்றே வீட்டுக்கு அழைத்துப் போக முடியுமா என்று கேட்டதற்கு, வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லிப் பெற்றோர் கிளம்பிவிட்டார்கள். பையன் தன் பையைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனான். அந்தப் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை.

சுமார் இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பையிலிருந்துதான் துப்பாக்கி வெளியே வந்தது. 14 முதல் 17 வயது வரையிலான நான்கு பிள்ளைகள் உயிரிழந்தார்கள். ஓர் ஆசிரியை உட்பட ஏழு பேர் காயமடைந்தார்கள். சுட்டவனுக்கு வயது 15. பெயர் ஈதன் கிரம்ப்ளி.

அமெரிக்கப் பள்ளிகளில் துப்பாக்கிச் சூடு என்பது நமக்குப் பழகிப்போன செய்தி. இரண்டு நாள் பேசுகிறோம், மறந்துவிடுகிறோம். ஆனால் இந்த வழக்கு அப்படி மறந்துவிடக் கூடியதல்ல. இதில் பையன் மட்டுமல்ல, அவனுடைய தாயும் தந்தையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். பள்ளியில் பிள்ளை செய்த கொலைகளுக்காகப் பெற்றோர் மீது மனிதக்கொலைக் குற்றம் சுமத்தி, ஜூரிகள் அதை உறுதி செய்தது அமெரிக்காவில் இதுவே முதல் முறை.

முதலில் பையனின் வழக்கு. அவன் சிறுவன் என்றாலும் வயது வந்தவனாகவே விசாரிக்கப்பட்டான். 2022 அக்டோபரில் தன் மீதான 24 குற்றச்சாட்டுகளையும் ஒப்புக்கொண்டான். அவற்றில் நான்கு முதல்நிலைக் கொலை. ஒன்று பயங்கரவாதம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. மிச்சிகனின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 2002இல் வந்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு அந்நாட்டில் அடித்த அலையில் பிறந்த சட்டம் அது. அதே டெட்ராய்டின் பக்கத்து நகரம்தான் டியர்பார்ன். அரபு முஸ்லிம்கள் பெருமளவில் வாழும் அந்த ஊர் அந்த நாள்களில் எத்தகைய சந்தேகக் கண்களுக்கு ஆளானது என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளுக்குள் அந்தச் சட்டம் ஒரு வெள்ளையினப் பள்ளி மாணவன் மீது பாய்ந்தது. "பார்த்தீர்களா, இப்போதாவது அவனைப் பயங்கரவாதி என்றார்களே" என்று நம்மில் சிலர் முகநூலில் மகிழ்ந்ததையும் பார்த்தேன். எனக்கு அதில் மகிழ ஒன்றும் தெரியவில்லை. அரசு வழக்கறிஞர் கேரன் மெக்டொனால்ட் சொன்ன காரணம் வேறு. குண்டு படாமல் தப்பியவர்கள், மேசைக்கடியில் ஒளிந்தவர்கள், இன்றும் தூங்க முடியாதவர்கள் ஆகிய நூற்றுக்கணக்கான பிள்ளைகளும் பாதிக்கப்பட்டவர்களே, அவர்களுக்கான குற்றச்சாட்டு இது என்றார் அவர். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பெயரில் பழி தீர்ந்ததாக நாம் நினைத்துக்கொள்வதில் இல்லை.

2023 டிசம்பர் 8 அன்று நீதிபதி குவாமே ரோ தீர்ப்பளித்தார். பரோல் இல்லாத ஆயுள் சிறை. அதாவது அவன் சாகும்வரை வெளியே வர வழியில்லை. அப்போது அவனுக்கு வயது 17. மிச்சிகன் மாநிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மரண தண்டனையை எடுத்துவிட்டார்கள். 18 வயதுக்குள் குற்றம் செய்தவர்களுக்கு அது கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமும் 2005இல் தீர்ப்பளித்தது. ஆகவே அவனுக்குக் கொடுக்க முடிந்த உச்சபட்ச தண்டனை இதுதான்.

சிறுவர்களுக்கு இத்தண்டனையைக் கட்டாயமாக விதிக்கும் சட்டங்கள் செல்லாது என்று 2012இல் அதே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒவ்வொரு பையனின் வயது, வளர்ந்த சூழல், திருந்தும் வாய்ப்பு ஆகியவற்றைத் தனித்தனியாக எடைபோட்ட பிறகே விதிக்கலாம். அதற்கான விசாரணை ஈதனுக்கும் நடந்தது. திட்டமிட்டே செய்திருக்கிறான், நாட்குறிப்பில் முன்னரே எழுதி வைத்திருக்கிறான் என்பதை நீதிபதி முக்கியமாக எடுத்துக்கொண்டார். ஐ.நா. சிறுவர் உரிமை உடன்படிக்கை இந்தத் தண்டனையையே 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடுக்கிறது. ஐ.நா. உறுப்பு நாடுகளில் அந்த உடன்படிக்கையை உறுதிப்படுத்தாத ஒரே நாடு அமெரிக்கா.

பிள்ளைகளை இழந்த பெற்றோர்கள் நீதிமன்றத்தில் பேசியதைக் கேட்டவர் எவரும், இந்தத் தண்டனை அதிகம் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லத் துணிய மாட்டார். நானும் துணிய மாட்டேன். ஆனாலும் 15 வயதில் செய்ததை வைத்து, அவன் 50 வயதிலும் இதே ஆளாகத்தான் இருப்பான் என்று இன்றே முடிவு கட்டுவது மனிதர்களால் ஆகிற காரியமா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை. முப்பது ஆண்டு கழித்து ஒருமுறை பரிசீலிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தால், அவனை விட்டே தீர வேண்டும் என்றாகிவிடாது.

அடுத்தது பெற்றோர் வழக்கு. நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான்.

சம்பவத்துக்கு நான்கு நாள் முன்பு, நவம்பர் 26 அன்று, தந்தை ஜேம்ஸ் கடைக்குப் போய் 9 எம்.எம். கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினார். மகனும் கூடப் போனான். அந்த வயதுப் பையனுக்குக் கடைக்காரர் விற்க முடியாது. மறுநாள் தாய் ஜெனிஃபர் அவனைச் சுடும் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். மகனின் கிறிஸ்துமஸ் பரிசை இருவரும் சேர்ந்து சோதித்துப் பார்த்ததாக வலைத்தளத்திலும் பதிவு போட்டார். திங்கள்கிழமை வகுப்பில் அவன் செல்போனில் தோட்டாக்களைத் தேடியதை ஓர் ஆசிரியை கண்டு, பள்ளியிலிருந்து வீட்டுக்குத் தகவல் போனது. தாய் மகனுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் கோபமே இல்லை. மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று சிரித்தபடி எழுதியிருந்தார். அதற்கும் சில மாதம் முன்பு, வீட்டில் யாரோ இருப்பதுபோல, பாத்திரங்களை எறிவதுபோலத் தெரிகிறது என்று மகன் அவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறான். பதில் போகவில்லை. மனநல உதவி எதுவும் தனக்குக் கிடைக்கவில்லை என்று நாட்குறிப்பில் எழுதியிருந்தான்.

பெற்றோர் இருவருக்கும் தனித்தனியாக விசாரணை நடந்தது. 2024 பிப்ரவரி 6 அன்று தாய் குற்றவாளி என்றும், மார்ச் 14 அன்று தந்தை குற்றவாளி என்றும் ஜூரிகள் சொன்னார்கள். ஏப்ரல் 9 அன்று இருவருக்கும் 10 முதல் 15 ஆண்டு சிறை.

இதை எதிர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி வலுவானது. பையன் வழக்கில் அவனை முழு மனிதன் என்றீர்கள். செய்ததெல்லாம் அறிந்தே செய்தான் என்றீர்கள். பெற்றோர் வழக்கில் அவன் கவனிக்கப்பட வேண்டிய குழந்தை என்கிறீர்கள். ஒரே அரசு, ஒரே மாவட்டம், ஒரே வழக்கறிஞர். இரண்டில் எது உண்மை?

எனக்கு இது மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் படித்த நாள்களை நினைவுபடுத்தியது. பருவமடைந்த அடையாளம் வெளிப்படாத பையனுக்கு எந்த வயதில் பொறுப்பு தொடங்கும்? ஷாஃபிஈ மத்ஹபில் 15 சந்திர ஆண்டுகள். இமாம் அபூஹனீஃபாவிடம் பையனுக்கு 18, பெண்ணுக்கு 17. அவருடைய மாணவர்கள் இருவரும் 15 என்கிறார்கள். ஒரு மத்ஹபுக்குள்ளேயே மூன்று ஆண்டு வித்தியாசம்! ஆனால் அதே பாடத்தில் இன்னொன்றும் உண்டு. பருவமடைந்துவிட்டான் என்பதற்காக அனாதையின் சொத்தை உடனே அவன் கையில் ஒப்படைத்துவிட முடியாது. நிர்வகிக்கும் பக்குவம் வந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் பொறுப்பாளரின் காவல் தொடரும். ஆக, தன் செயலுக்குப் பதில் சொல்ல வேண்டியவனாகவும், அதே நேரத்தில் இன்னொருவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டியவனாகவும் ஒருவன் இருக்க முடியும். இரண்டும் ஒன்றையொன்று அழிப்பதில்லை. பணத்துக்கே அந்தக் காவல் என்றால் துப்பாக்கிக்கு எவ்வளவு வேண்டும்!

ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது நமக்குத் தெரிந்த அடிப்படை. இந்தத் தீர்ப்புகள் அதற்கு முரண் என்று ஒரு சகோதரர் என்னிடம் வாதிட்டார். நான் அப்படிப் பார்க்கவில்லை. ஜூரிகள் மகனின் கொலைக்காகப் பெற்றோரைத் தண்டிக்கவில்லை. ஆயுதத்தை வாங்கிக் கொடுத்தது, பூட்டாமல் விட்டது, அபாயம் கண்முன் தெரிந்தும் எழுந்து போனது ஆகிய அவர்களுடைய சொந்தச் செயல்களுக்காகத் தண்டித்தார்கள். அந்த அலுவலக அறையில், வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்ற ஒரு வார்த்தையை அவர்கள் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

பள்ளி நிர்வாகம் மட்டும் குற்ற வழக்கிலிருந்து தப்பிவிட்டது என்ற ஆதங்கம் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இன்னும் இருக்கிறது. 2023 அக்டோபரில் வெளியான தனி விசாரணை அறிக்கை, மிரட்டல்களை மதிப்பிடும் நடைமுறையைப் பள்ளி சரியாகப் பின்பற்றவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. பெற்றோர் அழைத்துப் போகாவிட்டால் என்ன, அந்தப் பையைத் திறக்கப் பள்ளிக்குக் கைகள் இல்லையா என்று அவர்கள் கேட்பதற்கு இதுவரை சரியான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

2024 செப்டம்பர் 4 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைதானவனுக்கு வயது 14. அவனும் வயது வந்தவனாகவே வழக்கைச் சந்திக்கிறான். மறுநாளே தந்தையும் கைது செய்யப்பட்டார். அந்தத் துப்பாக்கியும் கிறிஸ்துமஸ் பரிசு என்றே அரசுத் தரப்பு கூறுகிறது.

மிச்சிகனில் சிறுவர்கள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற சட்டம் 2024 பிப்ரவரி 13 அன்று நடைமுறைக்கு வந்தது. தாய்க்கு எதிரான ஜூரியின் முடிவு வந்து சரியாக ஒரு வாரம். ஆக்ஸ்ஃபோர்ட் சம்பவத்தின்போது அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் துப்பாக்கியோடு கடையில் கொடுத்த கம்பிப்பூட்டு கிரம்ப்ளி வீட்டில் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. தந்தையின் விசாரணையில் இறுதி வாதத்தின்போது அரசு வழக்கறிஞர் அந்தத் துப்பாக்கியை எடுத்து, ஜூரிகள் பார்க்க, அதில் கம்பிப்பூட்டை மாட்டிக் காட்டினார். சில விநாடிகள்தான் ஆயின.