டெக் டிக்கெட்டில் போனவர்கள்

கே.கே. நகர் பக்கம் தாழ இறங்கும் சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்களைத் திருச்சிக்காரர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிவிட்டது. இந்தப் போக்குவரத்து விமானத்தோடு பிறந்ததல்ல.

1862-இல் நாகப்பட்டினம் ரயில்பாதை திருச்சியை எட்டியது. அக்கரைச் சீமைக்குப் போகிறவர்கள் ரயிலில் நாகைக்குப் போய்க் கப்பல் பிடித்தார்கள். நீராவிக் கப்பல் கரைக்கு வராது. கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். சரக்கு ஏறிய கப்பலிலேயே தோட்டக் கூலிகளும் ஏறினார்கள். 'டெக்' எனப்படும் திறந்த மேல்தட்டில் பாய் விரித்த இடம்தான் அவர்களுக்கு அறை, மழையானாலும் வெயிலானாலும். அடியிலோ, கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிக் கொட்டியவர்கள் அனலில் வெந்தார்கள். கப்பல் கம்பெனிக்குச் சரக்கும் லாபம், ஆளும் லாபம்.

1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியை நாடு நினைவில் வைத்திருக்கிறது, நியாயம்தான். டெக் டிக்கெட்டில் போனவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. திருச்சி ரயில் அருங்காட்சியகம் அவர்களுக்கு ஒரு சுவரையாவது ஒதுக்க வேண்டும். தாத்தாவின் கப்பல் டிக்கெட், தகரப் பெட்டி ஏதாவது வீட்டுப் பரணில் கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.